பதிவின்றிக் கற்ற குற்றம்

பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போவது படிப்பதற்காக என்றொரு பழைய நம்பிக்கை நம் பக்கத்தில் வெகுகாலமாக இருந்து வந்தது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில், கோழிப் பண்ணைகளுக்கும் மக்காச்சோளக் காடுகளுக்கும் நடுவே பொன்னிவளம் பல்கலைக்கழகம் எழும்பிய பிறகும் அந்த நம்பிக்கை சில வருடம் உயிரோடுதான் இருந்தது. அதை முறைப்படி அப்புறப்படுத்திய பெருமை துணைவேந்தர் முனைவர் அறிவழகன் அவர்களையே சேரும்.

அதுவரை அங்கே வருடத்துக்கு இரண்டு பருவங்கள். ஆடி பிறந்தால் ஒன்று, மார்கழி முடிந்தால் ஒன்று. வாத்தியார் வருவார், பாடம் நடத்துவார், மாணவர்கள் தூங்குவார்கள், கடைசியில் தேர்வு நடக்கும். குறை சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் துணைவேந்தர் கல்விச் சுற்றுலாவாக வெளிநாடு போனபோது, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார மாணவனிடம் "என்ன செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டார். "எந்தப் பாடம் படிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கிறேன்" என்றானாம் அவன். துணைவேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. நம் பிள்ளைகள் பாடத்தைப் படிக்கத்தான் செய்கிறார்கள், தேர்ந்தெடுப்பதில்லையே! விமானத்திலேயே சுற்றறிக்கை எழுதிவிட்டார்.

"மாணவர் விருப்பமே மாட்சிமை என்னும் உன்னத நோக்கத்தை முன்னிட்டும், உலகத் தரத்தை எட்டிப் பிடித்து அதற்கு அப்பாலும் செல்லும் பொருட்டும், இனி ஓராண்டு ஐந்து பருவங்களாகப் பகுக்கப்படும். தமிழர் மரபைப் போற்றும் வகையில் அவை குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என அழைக்கப்படும்."

ஆசிரியர் கூட்டத்தில் பலத்த கைதட்டல். நிலவியல் துறையில் நிலத்தடி நீரியல் நடத்தும் பேராசிரியர் வளவன் மட்டும் எழுந்தார். ஆத்தூர்க்காரர், கொஞ்சம் வெள்ளந்தி.

"பாலைப் பருவத்தில என்ன பாடம் நடத்தணும் சார்?"

"பாலை தனி நிலம் இல்லை, பேராசிரியரே. மற்ற நிலங்கள் வறண்டால் உண்டாவது பாலை. அதுபோல மற்ற பருவங்களில் தோற்றவர்களுக்கு உண்டாவது பாலைப் பருவம்."

மறுபடியும் கைதட்டல். தமிழ்த்துறைத் தலைவர் எழுந்து நின்றே தட்டினார்.

திட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உதவிப் பதிவாளர் காளிதாசிடம் வந்தது. காளிதாஸ் கெட்ட மனிதரல்ல. யாரிடமும் கை நீட்டியதில்லை, யார் மீதும் சீறியதில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்துக் கும்பிடுவார், அவ்வளவுதான். ஒவ்வொரு பருவத்துக்கும் அவர் நாட்காட்டி போட்டார். விருப்பம் தெரிவிக்கும் வாரம், ஆலோசனை வாரம், பதிவு வாரம், பதிவை உறுதிசெய்யும் வாரம். பிறகு பாடம் சேர்த்தல் வாரம், பாடம் நீக்கல் வாரம். அதற்குப் பிறகு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வாரம், தேர்வு வாரம், இவற்றையெல்லாம் பற்றி மாணவர் கருத்துச் சொல்லும் வாரம். போட்டு முடித்துப் பார்த்தால் பருவம் முடிந்திருந்தது.

வளவன் நாட்காட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பாடம் எப்ப சார் நடத்தறது?"

காளிதாஸ் ஒரு கணம் திகைத்தார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. பிறகு முகம் மலர்ந்து, "உறுதி வாரத்துக்கும் சேர்த்தல் வாரத்துக்கும் நடுவால ஒரு இடைவெளி இருக்குதுங்க பாருங்க. அதுல நடத்திக்கலாமுங்க" என்றார்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ரஞ்சிதா வந்து சேர்ந்தாள்.

ரஞ்சிதாவின் அப்பா சின்னராஜ் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி என்றால் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரிகள் இந்தியாவில் போகாத மாநிலமில்லை. சின்னராஜ் பாதி வருடம் வடக்கே, பாதி வருடம் ஊரில். எங்கே துளை போடுவது என்று அவர் தீர்மானிப்பதில்லை. அதற்கென்று ஒருவர் வருவார், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார், தேங்காய் நிமிர்ந்த இடத்தில் பாயிண்ட் வைப்பார். சில இடத்தில் தண்ணீர் வரும். பல இடத்தில் வராது. வராத இடத்தில் அந்த வீட்டுப் பெண்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டே ராடுகளைக் கழற்றி லாரியில் ஏற்றும்போது, தானே குற்றவாளி போல இருக்கும் என்று சின்னராஜ் வீட்டில் சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்த பெண், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் படிப்பு ஏதாவது உண்டா என்று தேடினாள். உண்டு. அதன் பெயர் நிலத்தடி நீரியல். பொன்னிவளத்தில் நிலவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விளம்பரப் பலகையிலேயே போட்டிருந்தது.

தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் போட்டிருந்தது. படிக்கலாம் என்று போடவில்லை. அந்த நுட்பம் அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

முதல் பதிவு வாரம் விடிந்தது. வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் சின்னராஜ் மகளின் போனை வாங்கிக்கொண்டு ரிக் வண்டியின் உச்சியில் ஏறி நின்றார்.

"சாமி, சுத்துது! சுத்திக்கிட்டே இருக்குது!"

"கையை ஆட்டாதீங்கப்பா! நிலத்தடி நீரியல்னு இருக்கும், அதைத் தொடுங்க!"

"தொட்டுட்டேன் கண்ணு... 'இடங்கள் நிரம்பின'ன்னு வருது. கீழ என்னமோ எழுதியிருக்குது... 'தங்கள் விருப்பத்தை மதித்து, தங்களுக்கு மகிழ்ச்சி மேலாண்மை ஒதுக்கப்படுகிறது.' இது என்ன படிப்பு சாமி?"

ரஞ்சிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. மகிழ்ச்சி மேலாண்மை அப்படித்தான் தொடங்கியது.

கல்லூரி போன பிறகு ஒரு விசித்திரத்தைக் கவனித்தாள். நிலத்தடி நீரியல் நடக்கும் அறையைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே வளவன் ஒருவரே நின்றுகொண்டிருந்தார். பெஞ்சுகள் காலி. நேராகக் காளிதாசிடம் போனாள்.

"சார், நிலத்தடி நீரியல் வகுப்புல ஒருத்தருமே இல்லீங்க சார்."

"ஆமா பாப்பா."

"எடம் நெரம்பிருச்சுன்னு வருதுங்களே?"

"நெரம்புச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு நாப்பது பேரு பதிவு பண்ணுனாங்க. நீக்கல் வாரத்துல நாப்பது பேரும் நீக்கிட்டாங்க."

"அப்பக் காலியாத்தானுங்க இருக்குது! என்னையச் சேத்துக்கலாமுங்களே."

"சேர்த்தல் வாரம் முடிஞ்சுபோச்சே அம்மிணி. மொதல்ல சேர்த்தல், அப்பறம் நீக்கல்."

"நீக்கலை முன்னாடி வச்சுட்டு, சேர்த்தலைப் பின்னாடி வச்சா?"

காளிதாஸ் அவளைப் பரிவோடு பார்த்தார். "அப்படி வச்சா எல்லாரும் சேந்துருவாங்களே!"

அடுத்த பருவத்தில் இடம் கிடைத்தது. ஆனால் நிலத்தடி நீரியல் படிக்க 'நீர்: ஓர் அறிமுகம்' முடித்திருக்க வேண்டுமாம். நீர் அறிமுகம் நெய்தல் பருவத்தில் மட்டும்தான் உண்டாம். நெய்தல் என்றால் கடல், கடலில்தானே தண்ணீர் இருக்கிறது. நெய்தல் வரும்வரை காத்திருந்தாள். நெய்தல் வந்தபோது, நீரோடு ஏற்கெனவே பரிச்சயம் உள்ளவர்கள் மட்டுமே நீர் அறிமுகத்துக்குப் பதியலாம் என்று திருத்தம் வந்திருந்தது. இப்படியே நெய்தலும் போயிற்று, மறுபடி குறிஞ்சி வந்தது. இதற்குள் அவள் மகிழ்ச்சி மேலாண்மையில் மூன்று நிலைகளைக் கடந்திருந்தாள். மேடையில் கைகுலுக்கும் முறை பற்றிய பாடத்தில் பல்கலைக்கழகத்திலேயே முதல் மதிப்பெண்.

ஒருநாள் வராந்தாவில் நடந்து போகும்போது காலி அறையிலிருந்து வளவனின் குரல் கேட்டது. வகுப்பில் ஆள் இல்லாவிட்டாலும் அட்டவணை நேரத்தில் பாடம் நடத்தாமல் இருக்க அவருக்கு மனம் வராது. பெஞ்சுகளைப் பார்த்து நடத்திக்கொண்டிருந்தார்.

"நம்ம பக்கம் பூமிக்கடியில ஆறு ஓடுதுன்னு சொல்வாங்க. அதெல்லாம் கிடையாது. பாறைதான். ஆனா பாறைக்கு வெடிப்பு இருக்கு. மழைத் தண்ணி அந்த வெடிப்புலதான் போய் ஒளிஞ்சுக்குது. வெடிப்பைக் கண்டுபிடிச்சா தண்ணியக் கண்டுபிடிச்ச மாதிரி..."

ரஞ்சிதா சன்னலோரம் நின்றுவிட்டாள். இத்தனை வருடம் அவள் அப்பா இறக்கிய ராடுகள் எல்லாம் எதைத் தேடிப் போயின என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வளவன் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா? பதிவு பண்ணியிருக்கியா?"

"இல்லீங்க சார். கெடைக்கலீங்க."

அவர் வாசலைப் பார்த்தார், கூரையில் இருந்த கேமராவைப் பார்த்தார். "உள்ள வந்தா எனக்கு மெமோ வரும்மா. அங்கயே நில்லு." பிறகு சன்னல் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, குரலை உயர்த்தி, பெஞ்சுகளுக்கு நடத்துவது போலவே நடத்தினார்.

சில நாள் இப்படி ஓடியது. பிறகு ரஞ்சிதாவுக்கு ஓலை வந்தது.

"பல்கலைக்கழக வளாகத்தினுள், உரிய பதிவு ஏதுமின்றி, சன்னல் வாயிலாக அறிவைப் பெற்றுக்கொண்டதாகத் தங்கள் மீது புகார் எழுந்துள்ளது. பதிவின்றிக் கற்றல், பதிவுசெய்து கற்காமலிருக்கும் ஏனைய மாணவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதால், விசாரணைக் குழு முன் நேரில் தோன்றி விளக்கமளிக்குமாறு பணிக்கப்படுகிறீர்கள்."

விசாரணைக்குச் சின்னராஜும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோயிலில் நிற்பது போலக் கை கட்டி நின்றார். துணைவேந்தரே தலைமை.

"உங்கள் மகள் செய்ததை அறிவீர்களா?"

"படிச்சுப்போட்டான்னு சொன்னாங்க சாமி. பொட்டப்புள்ள, தெரியாமப் பண்ணிருச்சுங்க."

துணைவேந்தர் ரஞ்சிதாவிடம் திரும்பினார். "சன்னலில் நின்றது உண்மையா?"

"உண்மைங்க சார்."

"பேராசிரியர் சொன்னது காதில் விழுந்ததா?"

"விழுந்துச்சுங்க."

"புரிந்ததா?"

ரஞ்சிதா அப்பாவைப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை. "புரிஞ்சுதுங்க சார்."

குழுவில் ஒருவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "புரியாமல் இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம்" என்றார் துணைவேந்தர் வருத்தத்தோடு. "இருந்தாலும் இயற்கை நீதி என்று ஒன்று உண்டு. நீ கற்கவில்லை என்று நிரூபிக்க ஒரு வாய்ப்புத் தருகிறோம். நிலத்தடி நீரியலில் உனக்குத் தனித் தேர்வு நடக்கும். தேர்ச்சி பெற்றால் நீ கற்றது உறுதியாகும், வெளியேற்றப்படுவாய். தோற்றால் நிரபராதி."

வெளியே வந்ததும் சின்னராஜ் மகளின் தலையைத் தடவினார். "தோத்துரு கண்ணு. அப்பனுக்காகத் தோத்துரு."

காளிதாஸ் பின்னாலேயே வந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. "ஒண்ணும் பயப்படாதீங்க. தோத்தாலும் ஒரு நல்லது இருக்குதுங்க. விதி என்ன சொல்லுது? ஒரு பாடத்துல தோத்தவங்களைப் பாலைப் பருவத்துல அந்தப் பாடத்துக்குத் தானாவே பதிவு பண்ணிரும். எடம் நெரம்பறது, முன்பாடம் முடிக்கறது, ஒண்ணும் கெடையாது."

ரஞ்சிதா அப்படியே நின்றாள். "தோத்தா... எடம் கெடைக்குமுங்களா சார்?"

"தோத்தவங்களுக்கு எடம் உறுதி பாப்பா."

அவள் தேர்வு எழுதினாள். விடைத்தாளைத் திருத்தும் பொறுப்பு வளவனுக்கே வந்தது. வீட்டில் உட்கார்ந்து படித்தார். தண்ணீர் வெடிப்பு இல்லாத பாளப் பாறையில் மட்டுமே தங்கும் என்று எழுதியிருந்தாள். மழை பெய்தால் நிலத்தடி நீர் குறையும். ஏரியைத் தூர்த்தால் கிணறு நிரம்பும். ஒவ்வொரு விடையும் சரியான விடைக்கு நேர் எதிர். ஒரு இடத்தில்கூடத் தடுமாறி உண்மை எழுதிவிடவில்லை. இவ்வளவு துல்லியமாகத் தப்பு எழுதப் பாடம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருக்கா தெரியாது? தன் ஆசிரிய வாழ்க்கையின் மிகச் சிறந்த மாணவிக்குச் சுழியம் போட்டு, கையெழுத்திட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ரஞ்சிதா நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. வளவனுக்குத்தான் மெமோ வந்தது: "சன்னலைத் திறந்து வைத்து, பல்கலைக்கழகத்திற்குச் சொந்தமான அறிவு வெளியேற அனுமதித்தது ஏன்?" அவர் பதில் எழுதவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஆத்தூருக்குப் போய்விட்டார்.

பாலைப் பருவம் பிறந்த முதல் நாள் ரஞ்சிதா புது நோட்டோடு போனாள். பதிவு இருக்கிறது. அவள் பெயர் திரையில் பச்சை எழுத்தில் தெரிகிறது. அறை பூட்டியிருந்தது.

"பாலையில பாடம் ஏது பாப்பா?" என்றார் காளிதாஸ். "வறண்ட பருவமல்ல? தேர்வு மட்டுந்தான்."

"எனக்கு வாத்தியாரு வேணுமுங்க சார்."

"வாத்தியாரு எதுக்கு? உனக்கு இப்பப் பதிவே இருக்குதே!"

அன்றைக்கு அவள் திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வந்த பேருந்துகளையெல்லாம் விட்டாள். படிப்பை விட்டுவிடலாமா என்று நினைத்தாள். வீட்டில் போய் என்ன சொல்வது? அப்பா ரிக் வண்டியின் முன் கண்ணாடியில் 'ரஞ்சிதா நிலவியல்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்; அந்த வண்டி இப்போது மத்தியப் பிரதேசத்தில் ஓடிக்கொண்டிருந்தது. படிப்பை விட மனம் வராமல், கடைசியாக வந்த ஒரு தனியார் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

இதற்கிடையில் தோற்றால் இடம் நிச்சயம் என்ற செய்தி விடுதி முழுக்கப் பரவிவிட்டது; எந்தப் பாடத்தில் என்பது மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. விரும்பிய பாடத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் கிடைத்த பாடத்தில் தோற்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விழுக்காடு கோடைக் கிணறு போல இறங்கிப் போயிற்று. அந்த நேரம் பார்த்துத் தர ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது.

துணைவேந்தர் கலங்கவில்லை. ஒரு நாள் முழுக்க அறையைச் சாத்திக்கொண்டு சிந்தித்துவிட்டு வெளியே வந்தார்.

"காளிதாஸ், மாணவர்கள் எதற்குப் பதிவு செய்கிறார்கள்?"

"பாடத்துக்குங்க சார்."

"பாடம் எதற்கு?"

"தேர்வுக்குங்க."

"தேர்வு எதற்கு?"

"மார்க்குக்குங்க சார்."

"அப்படியானால் நேராக மார்க்கையே பதிவு செய்துகொள்ளலாமே! நடுவில் எதற்கு இத்தனை தொந்தரவு?"

காளிதாசுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை எளிய தீர்வு இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லையே! மறு பருவத்திலேயே 'தேர்ச்சி முன்பதிவுத் திட்டம்' நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் முதல் வகுப்புக்கு நாற்பது இடங்கள், இரண்டாம் வகுப்புக்கு அறுபது. முந்துபவர்களுக்கு முன்னுரிமை.

ரஞ்சிதாவுக்கு இந்தத் திருத்தம் முழுதாகத் தெரியாது. திரையில் 'நிலத்தடி நீரியல்: இடங்கள் உள்ளன' என்று கண்டதும் கை தானாகப் போய் அழுத்திவிட்டது. இத்தனை பருவப் பழக்கத்தில் அவள் விரல் மின்னல் வேகம் பெற்றிருந்தது. அழுத்திய மறுகணம் திரையில் பூ மழை பெய்தது. "வாழ்த்துகள். நிலத்தடி நீரியலில் தாங்கள் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளீர்கள்."

நேரே காளிதாசிடம் ஓடினாள்.

"சார், நான் இன்னும் படிக்கவே இல்லீங்க!"

"பாஸாயிட்டியே பாப்பா. இன்னும் என்ன பாக்கி?"

"படிக்கறதுதானுங்க பாக்கி."

"பாஸான பாடத்தை மறுபடி படிக்க விதியில எடமில்ல" என்றார் காளிதாஸ். மெய்யாகவே அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "முன்னாடியே வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருப்பேன்."

ஆய்வுக் குழு வந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சியைக் கண்டு மகிழ்ந்தது. நாமக்கல் முட்டையில் செய்த பதினோரு வகைப் பதார்த்தங்களை உண்டது. உச்சபட்சத் தரச் சான்று தந்தது. இந்தத் தரச் சான்றையும் முன்பதிவு செய்துவிட்டீர்களா என்று உறுப்பினர் ஒருவர் நகைச்சுவையாகக் கேட்டபோது, துணைவேந்தர் மட்டும் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

பட்டமளிப்பு விழாவுக்குச் சின்னராஜ் மத்தியப் பிரதேசத்திலிருந்து ரயில் ஏறி வந்தார். கறுப்பு அங்கியில் மகளைப் பார்த்ததும் அந்த அங்கியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"படிச்சு முடிச்சுட்ட இல்ல கண்ணு?"

"பாஸ் பண்ணிட்டேன்பா."

"அதத்தான் கேக்கறேன்."

ரஞ்சிதா இளநீரைக் குனிந்து குடித்தாள். நிமிரவில்லை.

ஆனால் அந்தப் பெண் அதோடு விட்டுவிடவில்லை. பட்டம் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர் பேருந்தில் ஏறி, விசாரித்து விசாரித்து வளவன் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவர் வாசலில் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, முதல் வகுப்பாமே?"

"அதாலதானுங்க சார் வந்தேன். ஆரம்பத்துல இருந்து சொல்லிக் குடுங்க."

வளவன் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டார். "செருப்பை மாட்டு. முதல்ல ஓடைக்குப் போவோம். பாறையப் பாக்காம என்ன பாடம்?"

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனாள். ஓடையிலும் பாறைக் கரட்டிலும் அவர் பின்னால் நடந்தாள். எங்கே தண்ணீர் உண்டு என்று துணிந்து சொல்ல இன்னும் நாளாகும். எங்கே இல்லை என்று சொல்ல ஓரளவு வந்துவிட்டது.

அந்தக் கோடையில் காளிதாசே சின்னராஜுக்குப் போன் செய்தார். பரமத்தி வேலூருக்கு வடக்கே, காவிரி வாய்க்கால் எட்டாத மேட்டாங்காட்டில் அவருக்குப் பூர்வீகத் தென்னந்தோப்பு. கிணறு வற்றி, மரங்கள் மட்டையைத் தொங்கப் போட்டுவிட்டன. அவருடைய அப்பா நட்ட மரங்கள். ரிக் வண்டி வேண்டும்.

"பாயிண்ட் பாக்கத் தேங்காய்க்காரரைக் கூட்டிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார் சின்னராஜ்.

"அறிவியல் காலத்துல தேங்காயா? உங்க பொண்ணு நிலத்தடி நீரியல்ல முதல் வகுப்பு. சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டதே நான்தானுங்க. கூட்டிட்டு வாங்க."

ரிக் வண்டி காட்டுக்குள் நுழைந்ததும் அக்கம்பக்கத்துச் சனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ரஞ்சிதா காட்டைச் சுற்றி நடந்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பாறையைக் கையால் தடவினாள். காளிதாஸ் தோப்புக்குள், ஜோசியர் சொல்லியிருந்த ஈசானிய மூலைக்குப் பக்கமாக ஒரு இடத்தில் நின்றுகொண்டு, "இங்க போடலாமா பாப்பா?" என்றார்.

"அங்க வேண்டாமுங்க சார். பாறை ஒரே பாளமா ஓடுதுங்க. வெடிப்பே இல்ல. போட்டா மண்ணுதான் பறக்கும். ஞாயித்துக்கெழமை வளவன் சாரைக் கூட்டிட்டு வாரேன், அவரு சரியான எடத்தைக் காட்டுவாருங்க."

காளிதாஸ் புருவத்தைச் சுருக்கினார். "வெடிப்பு, பாளம்... இதெல்லாம் எங்க படிச்ச?"

"வளவன் சார்கிட்டத்தானுங்க. ஞாயித்துக்கெழமை போய்ப் படிக்கறேன்."

"எந்தப் பருவத்துல?"

"பருவமெல்லாம் இல்லீங்க சார்."

"பதிவு?"

"இல்லீங்க."

காளிதாஸ் தொங்குகிற தென்னை மட்டைகளை ஒருமுறை பார்த்தார். அந்தக் கணம் அவருக்குள் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் மனிதர் நேர்மையானவர். தன் சொந்தக் காடு என்பதற்காக விதியை வளைக்கிற ஆளில்லை.

"அப்ப அதை நான் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா. பதிவில்லாத அறிவு." பிறகு சின்னராஜைப் பார்த்து, நின்ற இடத்திலேயே காலைத் தட்டிக் காட்டினார். "இங்க எறக்குங்க."

"சார், சொன்னாக் கேளுங்க சார்..." ரஞ்சிதா குறுக்கே போய் நின்றேவிட்டாள். சின்னராஜ் அவளை மெல்ல விலக்கினார். "காட்டுக்காரரு காட்டுற எடத்துல போடறதுதான் சாமி நம்ம தொழிலு."

கம்ப்ரசர் உறுமியது. ராடு மேல் ராடாக இறங்கியது. பாறை மாவாகிப் பறந்து தோப்பு முழுக்க வெள்ளையடித்தது. பொழுது சாயும் வரை ஒரு சொட்டு ஈரம் வரவில்லை. வண்டியை நிறுத்தியபோது காளிதாஸ் தலை முதல் கால் வரை வெள்ளையாக, மில்லில் இருந்து எடுத்த மாவு மூட்டை போல நின்றார்.

வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து அம்மாசி என்ற பக்கத்துக் காட்டுக்காரர் ரஞ்சிதாவிடம் வந்தார். அவருடைய காட்டிலும் மூன்று துளை போட்டு மூன்றும் பொய்த்திருந்தன.

"ஏனுங்க சாமி, நீங்க சொன்ன மாதிரியே மண்ணுதான் பறந்துச்சு. எங்க பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கறான். அவனும் இந்தப் படிப்புத்தான் படிக்கோணுங்கறான்."

ரஞ்சிதாவுக்கு அன்றைக்கு முதல்முறையாக முகம் மலர்ந்தது. "ஆத்தூருக்கு அனுப்பி வைங்க. வளவன் சார்கிட்டச் சொல்றேன். ஒண்ணும் வாங்க மாட்டாரு. பாறை பாறையாக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் குடுப்பாருங்க."

"சர்ட்டிபிகேட் குடுப்பாருங்களா?"

"அது குடுக்க மாட்டாருங்க. பாடம் மட்டுந்தான்."

"பாடத்தை வச்சுக்கிட்டு என்னங்க சாமி பண்றது?" என்று அம்மாசி சங்கடமாகச் சிரித்தார். பிறகு காளிதாசிடம் போய், தோள் துண்டை எடுத்து அவர் சட்டையில் படிந்திருந்த பாறை மாவைப் பணிவாகத் தட்டிவிட்டார்.

"ஐயா, உங்க காலேஜ்ல அடுத்த பதிவு எப்பங்க தொறப்பாங்க?"

காளிதாசின் வெள்ளை முகத்தில் உயிர் வந்தது. அங்கேயே, அந்தப் புழுதியிலேயே நின்று, குறிஞ்சிப் பருவத்தின் விருப்பம் தெரிவிக்கும் வாரத்திலிருந்து விளக்கத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பிள்ளை குட்டி உள்ளவர்கள் ஒவ்வொருவராக அம்மாசியின் பின்னால் போய் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அது ஒழுங்கான வரிசையாகிவிட்டது.

ரஞ்சிதா, அப்பா எங்கே என்று தேடினாள். ராடுகளை ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சின்னராஜும் வரிசையின் கடைசியில் போய் நின்றிருந்தார். ரஞ்சிதாவுக்கு ஒரு தம்பி இருக்கிறான்.